கேமில் பெரிய அப்டேட் வருகிறது: லீவ் எப்போது போடலாம், காசு எப்போது கட்டலாம்?

டிரெய்லர் வந்துவிட்டது. டிஸ்கார்டில் பழைய கூட்டாளிகள் எல்லாம் ஒவ்வொருவராகத் தலைகாட்டுகிறார்கள். "இந்த முறை லான்ச் அன்னைக்கே எல்லாரும் சேர்ந்து ஆடுறோம்" என்று யாரோ ஒருவர் ஆரம்பித்துவைக்கிறார். அடுத்த நிமிடமே உங்கள் மண்டைக்குள் மூன்று கேள்விகள்: எந்தத் தேதிக்கு லீவ் கேட்பது? இப்போதே காசு கட்டி வாங்கிவிடலாமா? நம்ம வீட்டு நெட் தாங்குமா?

ஆன்லைனில் பலர் சேர்ந்து விளையாடும் ரோல்-பிளேயிங் கேம்களில் பெரிய அப்டேட் என்பது சும்மா நாலு பிழை திருத்தம் அல்ல. புது நிலப்பகுதி, புதுக் கதை, புது லெவல் உச்சவரம்பு, சில நேரம் கேமின் விதிகளே மாறிவிடும். இதில் யூகத்துக்கு இடம் அதிகம் என்று தோன்றும். ஆனால் இருபது வருடத் தேதிகளை வரிசையாக எழுதிப் பார்த்தால் நிறையவே கணிக்க முடிகிறது. மூன்று கேம்களை எடுத்துக்கொள்வோம்: வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட், ஃபைனல் ஃபேண்டஸி 14, ஜென்ஷின் இம்பாக்ட்.

அடுத்தது எப்போது வரும்?

வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் வெளியானது 2004 நவம்பர் 23. அதன் பத்தாவது விரிவாக்கமான தி வார் வித்தின் வந்தது 2024 ஆகஸ்ட் 26. இடைப்பட்ட 7,216 நாள்களைப் பத்தால் வகுத்தால் ஒரு விரிவாக்கத்துக்குச் சராசரியாக 722 நாள், அதாவது ஏறக்குறைய இரண்டு வருடம். ஆனால் சராசரியை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவீர்கள். அதுவரையிலான கடைசி ஐந்து இடைவெளிகளைப் பாருங்கள்:

- வார்லார்ட்ஸ் ஆஃப் ட்ரேனர் (2014 நவம்பர் 13) முதல் லீஜன் (2016 ஆகஸ்ட் 30) வரை: 656 நாள்
- லீஜன் முதல் பேட்டில் ஃபார் அசெராத் (2018 ஆகஸ்ட் 14) வரை: 714 நாள்
- அதிலிருந்து ஷேடோலேண்ட்ஸ் (2020 நவம்பர் 23) வரை: 832 நாள்
- ஷேடோலேண்ட்ஸ் முதல் டிராகன்ஃபிளைட் (2022 நவம்பர் 28) வரை: 735 நாள்
- டிராகன்ஃபிளைட் முதல் தி வார் வித்தின் வரை: 637 நாள்

அதிகபட்சத்துக்கும் குறைந்தபட்சத்துக்கும் 195 நாள் வித்தியாசம், அதாவது ஆறு மாதத்துக்கும் மேல். கோவிட் வருடத்தில் நீண்ட இடைவெளி, அதற்குப் பிறகு மறுபடி சுருங்கியிருக்கிறது.

ஃபைனல் ஃபேண்டஸி 14 இதற்கு நேர் எதிர். முதல் வடிவம் 2010-ல் வந்து தோற்றுப்போய், 2012 நவம்பரில் சர்வரையே மூடிவிட்டு, 2013 ஆகஸ்ட் 27-ல் 'எ ரெல்ம் ரீபார்ன்' என்ற பெயரில் மறுபிறவி எடுத்த கேம் இது. அன்று முதல் விரிவாக்கங்களுக்கு இடைப்பட்ட நாள்கள்: 665, 728, 742, 889, 938. ஒவ்வொரு முறையும் முந்தையதை விட நீளம். கடைசியாக வந்த டான்ட்ரெயில் (2024 ஜூலை 2) இரண்டரை வருடக் காத்திருப்புக்குப் பிறகு வந்தது. ஒரு கேமின் கடிகாரம் வேகமாகிறது, இன்னொன்றின் கடிகாரம் மெதுவாகிறது. அதனால் "பொதுவா ரெண்டு வருஷம்தான்" என்று யாராவது சொன்னால், எந்த கேமுக்கு என்று திருப்பிக் கேளுங்கள்.

ஜென்ஷின் இம்பாக்ட் முற்றிலும் வேறு ரகம். 2020 செப்டம்பர் 28-ல் வந்த இந்த கேமில் பெரும்பாலும் 42 நாளுக்கு ஒரு பதிப்பு. புது நாடு ஒன்று திறப்பதுதான் இதில் திருவிழா: இனாசுமா 2021 ஜூலை 21, சுமேரு 2022 ஆகஸ்ட் 24, ஃபோன்டைன் 2023 ஆகஸ்ட் 16, நாட்லான் 2024 ஆகஸ்ட் 28. நாலும் ஜூலை மத்திக்கும் ஆகஸ்ட் கடைசிக்கும் நடுவில். நாலுமே புதன்கிழமை.

அறிவித்த தேதியை நம்பலாமா?

பெரும்பாலும் நம்பலாம். ஆனால் தள்ளிப்போனால், கடைசி நேரத்தில்தான் சொல்வார்கள்.

ஷேடோலேண்ட்ஸ் முதலில் 2020 அக்டோபர் 27-க்கு அறிவிக்கப்பட்டது. தள்ளிவைக்கிறோம் என்று சொன்னது அக்டோபர் 1, வெறும் 26 நாள் முன்பு. ஃபைனல் ஃபேண்டஸியின் எண்ட்வாக்கர் 2021 நவம்பர் 23-க்கு இருந்தது. அது டிசம்பர் 7-க்குத் தள்ளிப்போனது நவம்பர் முதல் வாரத்தில்தான் தெரிந்தது, அதாவது மூன்று வாரம்கூட இல்லை. ஜென்ஷினின் 2.7 பதிப்பு 42 நாள் கணக்குப்படி 2022 மே 11-ல் வந்திருக்க வேண்டும், மே 31-ல்தான் வந்தது. அந்த நிறுவனம் இருக்கும் ஷாங்காய் அப்போது கோவிட் ஊரடங்கில் இருந்தது.

அப்படியென்றால் எதை நம்புவது? வார்கிராஃப்டில் ஒரு நல்ல அறிகுறி உண்டு. விரிவாக்கத்துக்கு முன்பு 'ப்ரீ-பேட்ச்' என்று ஒன்று வரும். விதிமுறை மாற்றங்கள் எல்லாம் அதில் வந்துவிடும், புது நிலம் மட்டும் பூட்டியிருக்கும். அது வந்த நாளிலிருந்து விரிவாக்கம் வரை எத்தனை நாள் என்று எண்ணிப் பார்த்தால்: லீஜனுக்கு 42, பேட்டில் ஃபார் அசெராத்துக்கு 28, தள்ளிப்போன ஷேடோலேண்ட்ஸுக்கு 41, டிராகன்ஃபிளைட்டுக்கு 34, தி வார் வித்தினுக்கும் அதே 34. ஆக, ப்ரீ-பேட்ச் வந்துவிட்டதா? நாலு முதல் ஆறு வாரம். டிரெய்லரைப் பார்த்து லீவ் கேட்காதீர்கள், ப்ரீ-பேட்சைப் பார்த்துக் கேளுங்கள். ஊருக்குப் போக டிக்கெட் போடுவதாக இருந்தால், ரத்து செய்தால் காசு திரும்ப வரும் வகையில் போடுங்கள்.

நம்ம ஊரில் மணி எத்தனை?

இங்கேதான் பலர் லீவை வீணடிக்கிறார்கள். வார்கிராஃப்ட் 2018 முதல் உலகம் முழுக்க ஒரே நொடியில் திறக்கிறது. அமெரிக்க மேற்குக் கரை நேரம் மாலை 3 மணி என்று அறிவிப்பார்கள். நமக்கு அது மறுநாள் அதிகாலை. கோடைக்கால நேரம் அமலில் இருந்தால் 3:30, இல்லாவிட்டால் 4:30. தி வார் வித்தின் ஆகஸ்ட் 26 என்று போஸ்டரில் இருந்தது, இந்தியாவில் திறந்தது ஆகஸ்ட் 27 அதிகாலை 3:30. டிராகன்ஃபிளைட் நவம்பர் 28 என்று இருந்தது, இங்கே நவம்பர் 29 அதிகாலை 4:30.

அதனால் போஸ்டரில் இருக்கும் தேதிக்கு லீவ் போட்டால், பகல் முழுக்க மூடிய கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். மறுநாள் கதவு திறக்கும்போது ஸ்டாண்ட்-அப் மீட்டிங்கில் இருப்பீர்கள். போஸ்டர் தேதிக்கு அடுத்த நாள்தான் உங்கள் லீவ் நாள்.

ஜென்ஷினில் இந்தத் தலைவலி இல்லை. புதன்கிழமை இந்திய நேரப்படி அதிகாலை 3:30-க்கு சர்வர் பராமரிப்புக்குப் போகும், வழக்கமாக ஐந்து மணி நேரம். 8:30-க்குத் திறந்துவிடும். பத்து மணி ஷிஃப்ட் என்றால் புது ஊரை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டே லாகின் செய்யலாம். பராமரிப்புக்கு ஈடாக மணிக்கு 60 கணக்கில் 300 ப்ரிமோஜெம் மெயிலில் வரும், எடுக்க மறக்காதீர்கள். பதிப்பு வருவதற்குச் சுமார் பன்னிரண்டு நாள் முன்பு நேரலை நிகழ்ச்சி ஒன்றும் நடக்கும். அதில் தரும் மூன்று கோடுகளுக்கு ஆயுள் ரொம்பக் கம்மி, பார்த்தவுடனே போட்டுவிடுங்கள்.

டவுன்லோடுக்கு எவ்வளவு நேரம்?

நீங்கள் குடிபாலாவில் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர் என்று வைத்துக்கொள்வோம். சித்தூரிலிருந்து வேலூர் போகும் சாலையில், ஆந்திராவின் கடைசி மண்டலங்களில் ஒன்று. வீட்டில் தமிழ், ரேஷன் கார்டில் தெலுங்கு. பைபரா, மொபைல் ஹாட்ஸ்பாட்டா என்பதைப் பொறுத்து உங்கள் லான்ச் நாள் அடியோடு மாறிவிடும்.

15 ஜிபி அப்டேட் ஒன்றை எடுத்துக்கொள்வோம்:

- 100 எம்பிபிஎஸ் பைபர்: 20 நிமிடம்
- 20 எம்பிபிஎஸ்: 1 மணி 40 நிமிடம்
- 5 எம்பிபிஎஸ் (மாலை நேர நெரிசலில் மொபைல் டேட்டா): 6 மணி 40 நிமிடம்

இது காகிதக் கணக்குதான். லான்ச் நாளில் எல்லாரும் ஒரே சர்வரிலிருந்து இழுப்பதால் நிஜத்தில் கூடுதலாகவே ஆகும். தினமும் 2 ஜிபி ரீசார்ஜ் பிளானில் இருப்பவருக்கு 15 ஜிபி என்பது ஏழரை நாள் டேட்டா. இதற்கு ஒரே வழி ப்ரீ-லோட். ஜென்ஷினில் பதிப்புக்கு இரண்டு நாள் முன்பே ஃபைல்களை இறக்கிவைக்கலாம். வார்கிராஃப்டில் ப்ரீ-பேட்சோடு பெரும்பகுதி இறங்கிவிடும். வார இறுதியில் நல்ல நெட் இருக்கும் இடத்துக்குப் போனால் அங்கேயே முடித்துவிடுங்கள். டிஸ்க்கில் இடம் இருக்கிறதா என்றும் இன்றே பாருங்கள். இந்த கேம்கள் கணினியில் 100 ஜிபியைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். அப்டேட் ஆகும்போது பழைய ஃபைலும் புதிய ஃபைலும் சேர்ந்து கொஞ்ச நேரம் கூடுதல் இடம் கேட்கும்.

பிங் ஏறுவதற்கு ஊர்தான் காரணமா?

"கிராமத்துல இருந்தா பிங் அதிகமாத்தான் இருக்கும்" என்று பலர் நினைக்கிறார்கள். கணக்கு அப்படிச் சொல்லவில்லை.

கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலுக்கடியில் போகும் ஐ2ஐ கேபிளின் நீளம் சுமார் 3,200 கி.மீ. போய்வர 32 மில்லி செகண்ட். இதற்குக் கீழே யாராலும் குறைக்க முடியாது, சென்னையில் கேபிள் கரையேறும் இடத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரராலும்கூட. குடிபாலா சென்னையிலிருந்து சுமார் 150 கி.மீ. போய்வர அது சேர்ப்பது ஒன்றரை மில்லி செகண்ட் மட்டுமே.

அப்புறம் ஏன் எகிறுகிறது? ஒன்று, உங்கள் இணைய நிறுவனம் டிராஃபிக்கை நேராகச் சென்னைக்கு அனுப்பாமல் ஹைதராபாத் வழியாகச் சுற்றவிட்டால் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கூடுகிறது, 10 மில்லி செகண்ட் போய்விட்டது. இரண்டு, வைஃபை. கூடத்தில் ரௌட்டர், நீங்கள் மாடியில் என்றால் ஊர் தூரத்தைவிட அந்த ஒரு சுவர் அதிகம் படுத்தும். லேன் கேபிள் ஒன்று வாங்கிப் போட்டுவிடுங்கள். மூன்று, நீங்கள் தேர்ந்தெடுத்த சர்வர். ஃபைனல் ஃபேண்டஸிக்கு ஜப்பான், வட அமெரிக்கா, ஐரோப்பா, ஓசியானியா என நாலு வட்டாரங்கள், இந்தியா இல்லை. ஜென்ஷினில் ஆசியா, ஐரோப்பா இரண்டிலும் நம்மவர்கள் இருக்கிறார்கள், ஆனால் ஒன்றில் சேர்த்தது இன்னொன்றுக்கு மாறாது. புதிதாக ஆரம்பிக்கும் நண்பரைக் கூட்டி வருகிறீர்கள் என்றால் சர்வரை முதலில் பேசி முடிவெடுங்கள். நாற்பது மணி நேரம் ஆடிய பிறகு "நீ ஐரோப்பாவா?" என்று கேட்டுப் பயனில்லை.

முதல் வாரம் எப்படி இருக்கும்?

கூட்டம். எண்ட்வாக்கர்தான் இதற்குப் பாடப்புத்தகம். 2021 டிசம்பர் 3-ல் முன்கூட்டிய அணுகல் திறந்ததும் மணிக்கணக்கில் வரிசை. ஒரு டேட்டா சென்டரில் காத்திருப்போர் 17,000-ஐத் தாண்டினால் 2002 என்ற பிழை காட்டி வெளியே தள்ளிவிடும். உலகளாவிய சிப் தட்டுப்பாட்டால் புது சர்வர்களை உடனே வாங்கிப்போட முடியவில்லை. தயாரிப்பாளர் நவோகி யோஷிடா மன்னிப்புக் கேட்டார். சந்தாதாரர்களுக்கு முதலில் 7 நாள், பிறகு 14 நாள் என மொத்தம் 21 நாள் இலவசம். டிசம்பர் நடுவில் கேம் விற்பதையே நிறுத்தினார்கள், 2022 ஜனவரி 25-ல்தான் மறுபடி விற்பனை. கூட்டம் அதிகம் என்று ஒரு கடை தன் ஷட்டரைத் தானே இறக்கிய அபூர்வக் காட்சி அது.

வார்கிராஃப்டிலும் 2014-ல் ட்ரேனர் வந்தபோது நெரிசலுக்கு ஈடாக 5 நாள் இலவசம் தந்தார்கள். முதல் இரண்டு நாளை மட்டும் நம்பி லீவ் போடுவது இதனால்தான் ரிஸ்க். இரண்டு நாள் லீவ் இருந்தால், ஒன்றை முதல் நாளுக்கும் இன்னொன்றை அடுத்த வாரத்துக்கும் பிரித்துப் போடுங்கள்.

அந்த 2014 எண்களில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. ட்ரேனருக்கு முந்தைய காலாண்டில் 74 லட்சம் சந்தாதாரர்கள். வெளியானதும் 1 கோடியைத் தாண்டியது. 2015 மார்ச் இறுதியில் 71 லட்சம், ஜூன் இறுதியில் 56 லட்சம். இன்னும் ஒரு காலாண்டு எண்ணைச் சொல்லிவிட்டு, இனி சந்தாதாரர் எண்ணிக்கை வெளியிட மாட்டோம் என்று நிறுவனம் அறிவித்துவிட்டது.

திருவிழாவுக்கு வந்த கூட்டம் அஞ்சு மாசத்துக்குள் ஊர் திரும்பிவிட்டது. உங்கள் டிஸ்கார்டிலும் அதுதான் நடக்கும். நீங்கள் திரும்பிப் போவது பழைய நண்பர்களுக்காக என்றால் முதல் மாதத்தை விட்டுவிடாதீர்கள், கல்யாணம், டிரான்ஸ்ஃபர் என்று சிதறிப்போனவர்கள் ஒரே இடத்தில் கிடைப்பது அப்போதுதான். கதைக்காக என்றால் அவசரமே இல்லை. ஆறு மாதம் கழித்துப் போனால் வரிசை இல்லை, பிழைகள் குறைவு, சில நேரம் விலையும் குறைவு.

காசு எப்போது கட்டலாம்?

முன்கூட்டியே வாங்குவதில் ஒரு தூண்டில் இருக்கிறது. தி வார் வித்தின் வந்தபோது அதன் அடிப்படைப் பதிப்பு 49.99 டாலராகவும் எபிக் பதிப்பு 89.99 டாலராகவும் இருந்தது. எபிக் வாங்கியவர்கள் நாலு நாள் முன்பே, ஆகஸ்ட் 22-லேயே உள்ளே போனார்கள். கூடுதல் 40 டாலருக்கு வேறு சில பொருள்களும் உண்டு என்றாலும், பலர் கொடுத்தது அந்த நாலு நாளுக்காகத்தான். அந்த நாலு நாளில் உங்களுக்கு லீவ் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஸ்டீமில் முன்பதிவு செய்தால், வெளியாகும் வரை எப்போது வேண்டுமானாலும் பணத்தைத் திரும்பப் பெறலாம். வெளியான பிறகு 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருக்க வேண்டும். மாதச் சந்தா தானாகக் கழியும்படி வைத்திருந்தால், ரிசர்வ் வங்கி விதிப்படி 24 மணி நேரம் முன்பே உங்களுக்குத் தகவல் வரவேண்டும். ரத்து செய்ய அதுதான் சரியான நேரம்.

ஜென்ஷின் இலவசம். ஆனால் புது நாட்டோடு புதுக் கதாபாத்திரமும் வரும், அங்கேதான் பர்ஸ் கரையும். ஒரு முறை இழுக்க 160 ப்ரிமோஜெம். ஐந்து நட்சத்திரம் விழும் அடிப்படை வாய்ப்பு 0.6%. பூஜ்யத்திலிருந்து 50 முறை இழுத்தால் ஒன்றாவது கிடைக்க வாய்ப்பு சுமார் 26%. அதுவும் நீங்கள் விரும்பிய முகமாக இருப்பது ஏறக்குறைய பாதிக்குப் பாதி. 90-வது முறையில் ஐந்து நட்சத்திரம் உறுதி, முதல் முறை வேறு யாராவது வந்துவிட்டால் அடுத்த முறை நீங்கள் கேட்டவர் உறுதி. மோசமான நிலையில் 180 முறை, 28,800 ப்ரிமோஜெம். 99.99 டாலர் பேக்கில் போனஸோடு 8,080 கிடைக்கும். அப்படியென்றால் நாலு பேக், சுமார் 400 டாலர், ஒரே ஒரு கதாபாத்திரத்துக்கு. காத்திருக்கும் மாதங்களில் இலவசமாக வருவதைச் செலவழிக்காமல் சேர்த்துவைப்பதுதான் இதற்கு மருந்து.

இது சட்டப்படி சரியா?

எல்லையில் இருப்பவர்களுக்கு இது நியாயமான சந்தேகம். ஆந்திரா 2020-லேயே பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்தது. தமிழ்நாட்டுக்கு 2022-ல் நிறைவேறிய தனிச் சட்டம் இருக்கிறது. 2025 ஆகஸ்ட் 22-ல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற மத்தியச் சட்டம், பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் எதிர்பார்ப்போடு ஆடுவதை 'ஆன்லைன் பண விளையாட்டு' என்று தடை செய்கிறது. சந்தா மட்டும் கட்டி, பந்தயம் இல்லாமல் ஆடுவது 'சமூக விளையாட்டு' என்ற வேறு வகை. நாம் பேசும் கேம்களில் நீங்கள் காசு கொடுக்கிறீர்கள், காசு ஜெயிப்பதில்லை. ஆனால் கணக்கையோ கேம் தங்கத்தையோ வெளியே விற்க இறங்கினால் கேம் நிறுவனமே கணக்கை முடக்கிவிடும்.

அப்டேட் சமயத்தில் மோசடியும் பருவம் பார்த்து முளைக்கும். "கசிந்த பதிப்பு, இப்பவே இறக்குங்க", "இலவச ப்ரிமோஜெம்", "பாதி விலைக்கு டாப்-அப்" எல்லாம் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள். ஏபிகே ஃபைலை வாட்ஸ்அப்பில் யார் அனுப்பினாலும் நிறுவாதீர்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள். முதல் சில மணி நேரத்தில் சொன்னால் பணத்தை முடக்கிவைக்க வாய்ப்பு அதிகம்.

காத்திருக்கும் நாள்களில் என்ன செய்யலாம்?

ஆயுதம் சேர்க்க ராத்திரி முழிக்காதீர்கள். வார்கிராஃப்டில் விரிவாக்கம் வந்ததும் லெவல் உச்சவரம்பு ஏறும். நேற்றுவரை பெருமையாகச் சுமந்த வாள், புது ஊரின் முதல் சில குவெஸ்ட்களில் கிடைக்கும் சாதாரண வாளுக்குத் தோற்கும். ஷேடோலேண்ட்ஸ் ப்ரீ-பேட்சில் 120-வது லெவல்காரர்கள் எல்லாரும் ஒரே நாளில் 50 ஆனார்கள். ஆனால் முடிக்காத கதை, சீசனோடு மறைந்துபோகும் பட்டங்களும் வாகனங்களும் அப்படியல்ல. திரும்பக் கிடைக்காதவை எவை என்று அறிவிப்பில் இருக்கும், அவற்றை முதலில் முடியுங்கள்.

ஃபைனல் ஃபேண்டஸியில் கதை வரிசையாகத்தான் திறக்கும். புது விரிவாக்கத்துக்குள் போக முந்தைய எல்லாவற்றையும் முடித்திருக்க வேண்டும், அது நூற்றுக்கணக்கான மணி நேரம். இன்று ஆரம்பிக்கும் நண்பரை லான்ச் அன்று கூட்டிப்போக முடியாது என்பதை அவரிடம் இன்றே சொல்லிவிடுங்கள். ஸ்டார்ம்பிளட் வரை, 70-வது லெவல் வரை கால வரம்பில்லாமல் இலவசமாக ஆடலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அடுத்த விரிவாக்கத்துக்கு இரண்டரை வருடம் எடுத்துக்கொள்ளும் கேமில், அவர் நிதானமாக வந்து சேர்ந்துவிடுவார்.